ரசம் வெந்நீரான நாள்

அத்தை உப்புப் பார்த்துச் சமைத்து நான் கண்டதில்லை. சாமிக்குப் படைக்கும்வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவர். சாம்பார் ஒரு கொதி வந்ததும் கரண்டியால் அடிவரை ஒருமுறை கிளறுவார். எழும் ஆவியைக் குனிந்து வாங்கிக்கொள்வார். "ஒரு கல்லு குறையுது" என்பார். ஒரு கல் உப்பு விழும். அவர் பரிமாறிய பந்தியில் யாரும் உப்புக் கேட்டதில்லை.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அவருக்கும் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் இறங்கிவிட்டது. மூக்கடைப்பு இல்லை, சளி இல்லை. ஐந்தாம் நாள் மதியம் மிளகு ரசம் வைத்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, வெந்நீர்ல புளியக் கரைச்சுக் கொண்டாந்தியா?"

மிளகு, சீரகம், பூண்டு, பெருங்காயம், நெய்யில் பொரிந்த கறிவேப்பிலை, கடைசியில் கிள்ளிப்போட்ட கொத்தமல்லி எல்லாம் அதில் இருந்தன. அவரிடம் போய்ச் சேர்ந்தது புளிப்பும் உப்பும், தொண்டையில் கொஞ்சம் எரிச்சலும்தான். அந்த மூன்று மட்டும் எப்படித் தப்பின? மற்றதெல்லாம் எங்கே போயின? அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

நாக்கு அறிந்த ஐந்து

கண்ணாடி முன் நாக்கை நீட்டினால் தெரியும் சின்னச் சின்னப் புடைப்புகளைத்தான் சுவை மொட்டுகள் என்று நினைத்திருந்தேன். மொட்டுகள் கண்ணுக்குத் தெரியாதவை. அந்தப் புடைப்புகளின் தோலுக்குள்ளும் ஓரங்களிலும் புதைந்திருக்கின்றன. அண்ணத்திலும் தொண்டையிலும்கூட உண்டு. ஒரு மொட்டுக்குள் 50 முதல் 100 செல்கள், பூண்டுப் பற்களைப் போல நெருக்கியடித்து நிற்கும். ஒரு செல்லின் ஆயுள் சராசரியாகப் பத்து நாள் அளவுதான். கொதிக்கும் காபியில் நாக்கைச் சுட்டுக்கொண்டவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் ருசி திரும்பிவிடுவது இப்படிப் பழையது உதிர்ந்து புதியது முளைப்பதால்தான்.

இந்தச் செல்களுக்கு ஐந்து சுவைகள்தான் தெரியும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. ஐந்தாவதை 1908இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கிகுனே இகேடா கண்டுபிடித்தார். வீட்டில் கொம்பு என்ற கடற்பாசி போட்டுக் காய்ச்சும் சாற்றில் உள்ள அந்த இதமான ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போய், குளுட்டமேட்டில் முடித்தார். அதற்கு உமாமி என்று பெயர் வைத்தார். நன்கு பழுத்த தக்காளியிலும் காளானிலும் கருவாட்டிலும் நாம் அதைத்தான் சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிடுகிறோம்.

நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு என்று வண்ணம் பிரித்த நாக்குப் படத்தைப் பள்ளியில் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். அது தவறு. 1901இல் டேவிட் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாக்கில் இடத்துக்கு இடம் உணர்திறன் சற்று மாறுவதாக அளந்து எழுதினார். 1942இல் ஹார்வர்டு உளவியலாளர் எட்வின் போரிங் அந்த அளவுகளைத் தம் நூலில் வரைபடமாகப் போட்டபோது, சின்ன வித்தியாசம் பெரிய எல்லைக்கோடாகிவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வித்தியாசம் சொற்பம் என்று காட்டினார். ஆனாலும் அந்தப் படம் சாகவில்லை.

இனிப்பை உணர நாக்கில் முக்கியமாக ஒரே ஒரு வகை ஏற்பிதான் இருக்கிறது. கசப்புக்கோ ஏறத்தாழ 25 வகை. இனிப்பு என்றால் உடம்புக்குச் சக்தி. அதை அடையாளம் காண ஒரு பூட்டு போதும். கசப்பு பெரும்பாலும் நஞ்சின் அடையாளம். காட்டில் நஞ்சு எத்தனையோ வடிவத்தில் இருக்கிறது. காவலும் பல வாசலில் வேண்டியிருக்கிறது.

வேலியில் படரும் சிறுகுறிஞ்சான் இலை இரண்டை நன்றாக மென்று துப்பிவிட்டு, ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டுப் பாருங்கள். மணலைப் போட்டதுபோல நறநறக்கும், கரையும், இனிக்காது. அந்த இலையின் ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு ஏற்பியில் போய் அடைத்துக்கொள்கிறது. அரை மணி நேர அளவுக்கு லட்டு, ஜிலேபி எதுவும் செல்லாது. சர்க்கரைக்கொல்லி என்று அந்தக் கொடிக்கு நம்மவர்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை. சர்க்கரை அப்படியே இருக்கிறது, இனிப்பு போய்விடுகிறது. இனிப்பு என்பது சர்க்கரைக்கும் நமக்கும் இடையே நடக்கிற ஒன்று.

நாக்கின் முன்பகுதிச் செய்தியைச் சுமந்து போகும் நரம்புக்குக் கார்டா டிம்பனி என்று பெயர். அது நேரே மூளைக்குப் போவதில்லை. நடுக்காதுக்குள் நுழைந்து, செவிப்பறையின் உட்புறத்தை ஒட்டிக் கடந்துதான் போகிறது. காதில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிலர், சாப்பாடு தகரம்போல இருக்கிறது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

முதல் நிறுத்தம் முகுளம், மூளைத்தண்டின் அடிப்பகுதி. யோசனை எதுவும் நடக்காத இடம். ஆனால் முகம் சுளிப்பதும் சப்புக்கொட்டுவதும் அங்கேயே நடந்துவிடும். பிறந்த குழந்தைக்குச் சேனைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று இப்போது மருத்துவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்தக் குழந்தையின் உதடு விரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இனிப்பு யாரும் கற்றுத் தராதது என்று தெரியும். எருசலேமைச் சேர்ந்த ஜேக்கப் ஸ்டெய்னர் 1970களில் இதை முறையாகப் பதிவு செய்தார். பெருமூளை வளராமலே பிறந்த குழந்தைகள்கூட இனிப்புக்கு முகம் மலர்ந்தன, கசப்புக்குச் சுளித்தன.

அங்கிருந்து தலாமஸ் வழியாகச் செய்தி இன்சுலாவுக்குப் போகிறது. மூளையின் பக்கவாட்டு மடிப்பை விலக்கினால்தான் தெரியும், உள்ளே ஒளிந்திருக்கும் பகுதி. எலிகளின் இன்சுலாவில் இனிப்புக்கு ஒரு திட்டு, கசப்புக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு திட்டு. 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஜூக்கர் குழு அந்தத் திட்டுகளை ஒளியால் தூண்டும் ஏற்பாட்டைச் செய்தது. எலி குடித்தது வெறும் தண்ணீர். இனிப்புத் திட்டில் ஒளி பட்டால் விடாமல் நக்கியது. கசப்புத் திட்டில் பட்டால் குமட்டி, முன்னங்கால்களால் வாயைத் துடைத்தது. நாக்கில் எதுவுமே இல்லை.

அதே குழு 2018இல் இன்னும் ஒரு படி போனது. இன்சுலாவிலிருந்து செய்தி அமிக்டலாவுக்குப் போகிறது. பிடிக்கும், பிடிக்காது என்பதெல்லாம் அங்கே. அமிக்டலாவை அடக்கிவிட்டால் எலிக்கு இது இனிப்பு, இது கசப்பு என்று அடையாளம் தெரிகிறது. ஆனால் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. மனித மூளையில் எல்லைகள் இவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. இருந்தாலும் அந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. "புளிப்பு தெரியுதுடா. ஆனா ருசிக்கல" என்று அவர் சொன்னபோது நான் அதை ஒரே பேச்சாகத்தான் கேட்டேன். தெரிவது வேறு, ருசிப்பது வேறு.

பின்வாசல்

ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் தெரியும், அவ்வளவுதான். எந்தப் பழ மிட்டாய் என்று கேட்டால் சொல்ல முடியாது. இப்போது கையை எடுங்கள். ஒரு மூச்சு வெளியே போனதும் ஆரஞ்சு வந்து நிற்கும்.

மணம் மூக்கின் முன்வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் உணவின் ஆவி தொண்டைக்குப் பின்னால் மேலேறி, உள்ளிருந்து மூக்குக்குள் போகிறது. அங்கே கூரைப்பகுதியில், தபால்தலை அளவு இடத்தில், ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் காத்திருக்கின்றன. இந்த ஏற்பிகளின் பெரும் குடும்பத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ரிச்சர்டு ஆக்ஸலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றார்கள். நாக்குக்கு ஐந்து, மூக்குக்கு 400. சீரகத்துக்கும் சோம்புக்கும் உள்ள வேறுபாடு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய், வறுத்த மல்லி எல்லாம் மூக்கு தரும் வரவு.

நாம் அதை மூக்கில் உணர்வதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பின்வாசல் வழியாக வந்த மணத்தை மூளை கொண்டுபோய் வாயில் வைத்துவிடுகிறது. நாக்கின் செய்தியும் மூக்கின் செய்தியும் கண்குழிகளுக்கு மேலே உள்ள நெற்றிமூளைப் பகுதியில் கலக்கின்றன. சுவை, மணம் இரண்டுக்கும் பதில் கொடுக்கும் நரம்பணுக்களை ஆக்ஸ்ஃபோர்டில் எட்மண்ட் ரோல்ஸ் குழுவினர் குரங்குகளில் பார்த்தார்கள். வயிறு முட்டக் குளுக்கோஸ் நீர் குடித்த குரங்கில், அந்த நீருக்கு மட்டும் சில நரம்பணுக்கள் அடங்கிவிட்டன. வேறு உணவைக் காட்டினால் மறுபடி துள்ளின. மூன்றாம் முறை சாம்பாரைத் தடுத்த கை, பாயசம் வந்ததும் இலையில் தானாக இடம் ஒதுக்குவது பேராசை இல்லை. மூளை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அத்தை ஆவியில் உப்பு பார்த்த கதையும் இங்கேதான் வருகிறது. உப்புக்கு வாசனை கிடையாது. ஆனால் உப்புக் கரைந்த நீரிலிருந்து மணப்பொருள்கள் இன்னும் எளிதாக ஆவியாகும். உப்புப் போட்ட சாம்பாரின் ஆவி, போடாத சாம்பாரின் ஆவி போல இருக்காது. அதோடு ஐம்பது வருஷம் கொதித்த சாம்பார்களும், பிறகு அவற்றை இலையில் சாப்பிட்ட நினைவும் அவர் மூளையில் ஜோடி சேர்ந்து கிடந்தன. கைமணம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த ஜோடி என்று நினைக்கிறேன்.

ஆறா, ஐந்தா?

ரசம் வெந்நீரான பிறகும் மிளகின் எரிச்சல் ஏன் தப்பியது? காரத்துக்கு நாக்கில் மொட்டு கிடையாது. 1997இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழு மிளகாயின் காப்சைசின் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டுபிடித்தது. அது வலி நரம்புகளில் உள்ள ஏற்பி. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறந்துகொண்டு "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயும் மிளகும் அதே கதவைத் திறக்கின்றன. மூளைக்கு வித்தியாசம் தெரியாது. வாய் எரிகிறது என்று நம்பி நெற்றியில் வியர்வையும் கண்ணில் நீரும் வரவழைக்கிறது. 2021இல் ஜூலியஸுக்கும், தொடுதலை உணரும் ஏற்பிகளைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் நோபல் கிடைத்தது. இந்தச் செய்தி முகத்தின் முப்பெரு நரம்பு வழியாகப் போகிறது. அத்தைக்கு அந்த வழி அடைபடவே இல்லை.

துவர்ப்பும் அப்படித்தான். வாழைப்பூவிலும் பாக்கிலும் உள்ள டானின், உமிழ்நீரின் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. எண்ணெய் வற்றிய அச்சுபோல நாக்கும் அண்ணமும் உரசிக்கொள்கின்றன. அந்த உரசல்தான் துவர்ப்பு. பெரும்பாலும் அது தொடு உணர்வு.

அப்படியானால் அறுசுவை என்று நம் முன்னோர் சொன்னது பிழையா? நான் அப்படி நினைக்கவில்லை. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்ற கணக்கு நாக்கின் செல்களை எண்ணிப் போட்டதில்லை. சாப்பிடுகிறவர் வாயில் என்ன நடக்கிறது என்று கேட்டுப் போட்டது. சுவை, சூடு, உரசல், மணம் எல்லாவற்றையும் மூளை ஒரே கவளமாகத்தான் உருட்டுகிறது. ஆய்வகம் நரம்பு வாரியாகப் பிரித்ததை நம் பந்தி சேர்த்தே வைத்திருந்தது. மிளகாய் கடல்கடந்து இங்கே வரும் முன்பே, மிளகையும் இஞ்சியையும் வைத்துக் கார்ப்புக்கு இடம் ஒதுக்கியவர்கள் நாம்.

காபியில் அழுகல்

கொரோனா கிருமி மண நரம்பணுக்களை நேரடியாகக் கொன்றது என்றுதான் முதலில் பலரும் நினைத்தார்கள். 2020இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் சந்தீப் ராபர்ட் தத்தா குழு, கிருமி நுழையத் தேவைப்படும் ஏசிஇ2 புரதம் அந்த நரம்பணுக்களில் இல்லை, பக்கத்தில் நின்று அவற்றைத் தாங்கும் துணைச் செல்களில்தான் இருக்கிறது என்று காட்டியது. தாங்குகிறவர் விழுந்தால் வேலை செய்கிறவரும் நிற்க முடியாது. மூக்கடைப்பே இல்லாமல் மணம் போனது இதனால்தான்.

அத்தைக்கு ஆகஸ்ட் வாக்கில் மணம் திரும்பத் தொடங்கியது. சந்தோஷப்பட்டோம். ஒரு காலையில் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். "என்னமோ அழுகிப்போய்க் கிடக்கு, பாருடா." எலி ஏதும் செத்துக்கிடக்கிறதா என்று அலமாரியையெல்லாம் இழுத்துப் பார்த்தோம். நாறியது காபி. அடுத்த வாரம் வெங்காயம் வதக்கும்போதும் அதே வாடை. கும்பகோணத்தில் பிறந்து, பல் துலக்கியதும் முதல் வேலையாகக் காபி குடித்த மனுஷி, வீட்டில் காபி போடவே கூடாது என்றுவிட்டார்.

இதற்குப் பரோஸ்மியா, மணத் திரிபு என்று பெயர். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் பார்க்கர் குழு 2022இல் இதை அழகாகத் துப்பறிந்திருக்கிறது. காபியின் ஆவியை ஒரு கருவியில் செலுத்தி, அதிலுள்ள மணக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இந்தத் தொல்லை உள்ளவர்களை முகரச் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் ஒரே இடத்தில் முகம் சுளித்தார்கள். 2-ஃபியூரான்மெத்தேன்தயால் என்ற கந்தகச் சேர்மம். மற்றவர்களுக்கு அதுதான் வறுத்த காபியின் உயிர். மிக நுண்ணிய அளவில்கூட மூக்கு அதைப் பிடித்துவிடும். புதிதாக முளைக்கும் மண நரம்பணுக்கள் எல்லாம் இன்னும் இணையாத நிலையில், இப்படிப் பலமான சில செய்திகள் மட்டும் துணையில்லாமல் வந்து சேர்வதால் மூளை மிரள்கிறது என்று கருதுகிறார்கள். வெங்காயமும் பூண்டும் கந்தகக் குடும்பம்தான். அத்தையின் புகார் பட்டியலும் பார்க்கரின் பட்டியலும் அப்படியே பொருந்தின.

காபி நாறத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் அத்தையை அழைத்துப் போயிருந்தோம். "சாப்பாடு உள்ள இறங்குதுல்லம்மா? அது போதும்" என்று அனுப்பிவிட்டார். அத்தை வழியெல்லாம் பேசவில்லை. அவர் அந்த மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தார்.

"வாய்க்குப் பிடிக்கல"

கண் மங்கினால் கண்ணாடி வாங்கித் தருகிறோம். காது மந்தமானால் கத்திப் பேசவாவது செய்கிறோம். ருசி போய்விட்டது என்று ஒரு வயசாளி சொன்னால் மட்டும் "இந்த வயசுல நாக்கு கேக்குதோ" என்று நாம் சிரிக்கிறோம். இது எனக்குக் கோபம் வரும் இடம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு மணம் அறியும் திறன் குறைந்துகொண்டே போவது பரவலாக நடப்பது. சில ரத்த அழுத்த மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் சுவையைத் திரிக்கும். மருமகள் உப்பே போடுவதில்லை என்று மாமியார் சொல்கிற வீட்டில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. குறைந்தது மணம், மூளை அந்தக் குறையை உப்பால் நிரப்பப் பார்க்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு அது ஆபத்து. உப்புக்குப் பதில் சீரகத்தைக் கூடுதலாக வறுத்துப் பொடித்தும், இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தும் பார்க்கலாம். பார்க்கின்சன் நோயில் கை நடுங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு மணம் குறைகிறது என்பதால், இந்தப் புகாரைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் இன்னும் பாவம். 1955இல் அமெரிக்காவில் ஜான் கார்சியா, எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தண்ணீர் கொடுத்துக் கதிர்வீச்சும் பாய்ச்சினார். கதிர்வீச்சால் நோயுற்ற எலிகள், தவறேதும் செய்யாத சாக்கரின் தண்ணீரை அதன்பின் தொடவில்லை. மூளை குற்றவாளியை உணவில்தான் தேடும். மணிக்கணக்கில் கழித்து வந்த குமட்டலுக்கும் கடைசியாகச் சாப்பிட்டதையே கைகாட்டும். 1978இல் இலீன் பெர்ன்ஸ்டைன், கீமோதெரபிக்கு முன் புதுவகை ஐஸ்கிரீம் சாப்பிட்ட குழந்தைகள் பிறகு அதை ஒதுக்குவதைக் கண்டார். மருந்துதான் குமட்டலுக்குக் காரணம் என்று தெரிந்திருந்தாலும் பயனில்லை. இந்தப் பாடம் அறிவுக்குக் கீழே எழுதப்படுவது. பின்னர் ப்ராபர்க் என்பவரோடு சேர்ந்து அவரே ஒரு வழியும் கண்டார். சாப்பாட்டுக்கும் சிகிச்சைக்கும் நடுவே பழக்கமில்லாத, தூக்கலான மணமுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தால், பழி பெரும்பாலும் மிட்டாய்மேல் விழுந்து சாப்பாடு தப்புகிறது. நோயாளிக்குப் பிடிக்குமே என்று ஆசையாக மீன்குழம்பு செய்து சிகிச்சைக்கு முன் ஊட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மீன்குழம்பு அவருக்கு ஆயுசுக்கும் போய்விடலாம்.

அத்தைக்கு வேறொரு மருத்துவர் வழி சொன்னார். 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹம்மல் முன்வைத்த மணப் பயிற்சி. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள், அந்த மணத்தை மனசில் நினைத்துக்கொண்டே முகர வேண்டும். குறைந்தது 12 வாரம். எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் பலருக்கு உதவுகிறது.

நான்கு சின்ன எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றில் பன்னீர் ரோஜா இதழ், ஒன்றில் நீலகிரித் தைலம் தொட்ட பஞ்சு, எலுமிச்சைத் தோல், தட்டிய கிராம்பு. பூஜை முடிந்ததும் வரிசையாகத் திறப்பார். தைலம் முதல் நாளே தெரிந்தது. ஆனால் அது மணமில்லை, குளிர்ச்சி, காரத்தைப் போலவே முப்பெரு நரம்பின் வேலை. ஏழாம் வாரம் கிராம்பு வந்தது. "கல்யாண வீட்டு பீடா" என்றார். நவராத்திரி கழிந்து எலுமிச்சை. ரோஜா கடைசியில், பாதியாக. பொங்கலுக்குள் சாம்பார் ஆவியை மறுபடி குனிந்து வாங்கத் தொடங்கிவிட்டார். இப்போதெல்லாம் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டும் பார்த்துக்கொள்கிறார். சாமி மன்னிக்கும் என்கிறார்.

காபி மட்டும் வரவில்லை. அழுகல் வாடை போய்விட்டது, ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஊருக்குப் போனால் காலையில் அவரே டிகாக்‌ஷன் இறக்கி, பாலைப் பொங்கவிட்டு, நுரை எழ ஆற்றி, டபராவோடு என் முன்னால் வைக்கிறார். எதிரே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்க்கிறார்.

"எப்படி இருக்குன்னு சொல்லுடா" என்கிறார். "நல்லா இருக்குன்னு சொல்லாத. எப்படி இருக்குன்னு சொல்லு."